எதிர்வினைப் பெட்டி

கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. பார்வை மங்கி வருகிறவர்கள் நேரே கண்ணாடி அடுக்கின் பக்கம் போவார்கள். பார்வை நன்றாக இருந்தும் நடந்தது என்னவென்று புரியாமல் தவிக்கிறவர்கள் பின்னறைத் திரைச்சீலையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அன்று காலை வந்த அம்மாள் இரண்டாவது வகை.

கடைக்காரனுக்குக் கை பரபரத்தது. தெருவில் அவனுக்கு ‘அவசரம்’ என்று பெயர். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வான்; அந்தப் பதில் தப்பு என்று தெரிவதற்குள் இன்னொன்றும் சொல்வான். பின்னறையில் இருந்தவர் அவன் அக்காவின் கணவர். எரிந்துபோன கடை தானாக எரிந்ததா, யாராவது எரித்தார்களா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது அக்கம்பக்கத்தாரின் சிக்கல்களை விடுவித்துக் கொடுப்பவர். அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். இரண்டு பெயரையும் வைத்தவள் அக்காதான். ஒருவனை இழுத்துப் பிடிக்கவும் இன்னொருவரைத் தள்ளிவிடவுமே தன் ஆயுசு போகிறது என்பாள்.

“அத்தான், கேஸ்!” என்று திரையை விலக்கினான் அவசரம்.

நிதானம் எழுந்து நாற்காலியை நகர்த்திப் போட்டார். “உட்காருங்கம்மா. முதல்ல மூச்சு வாங்கிக்குங்க.”

அந்த அம்மாள் உட்கார்ந்தார். “திருட்டுப் போயிருக்கு சார். ஆனா போலீஸுக்குப் போக முடியாது.”

“ஏன்?”

“எடுத்தது என் கூடப் பிறந்தவளா இருக்குமோன்னு பயமா இருக்கு.”

அவர் பக்கத்துத் தெருவில் ஒரு மாடியில் ஆங்கில வகுப்பு நடத்தும் டீச்சர். அவரிடம் படிக்க வருகிறவர்கள் எல்லாம் வயது வந்தவர்கள்: டிரைவர்கள், நர்ஸுகள், துணிக்கடையில் விற்கும் பெண்கள். இலக்கணத்தைக் காட்டி அவர்களை டீச்சர் பயமுறுத்துவதில்லை. வினைச்சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு வினையும் அதற்கு எதிர்வினையோடு சேர்ந்தே வரும். ‘ஓபன்’ என்றால் மூடியிருப்பதைத் திறப்பது. உடனே ‘க்ளோஸ்’, திறந்திருப்பதை மூடுவது. வாயால் விளக்கம் சொல்லிக்கொண்டே கையால் செய்தும் காட்டவேண்டும். ஒரு வினையைச் செய்தவர் அதன் எதிர்வினையையும் செய்த பிறகுதான் உட்காரலாம். அது வகுப்பின் சட்டம்.

“ஒவ்வொரு வினைக்கும் ஒரு கார்டு சார். முன்பக்கம் படம், பின்பக்கம் விளக்கம். படம் எல்லாம் தங்கச்சி வரைஞ்சது. விளக்கம் நான் எழுதினது. எல்லாம் ஒரு மரப்பெட்டியில இருந்தது. இன்னிக்கு சாயங்காலம் ஒரு பதிப்பாளர் வந்து பார்க்கிறார், புத்தகமாப் போடறதுக்கு.” டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். “புத்தக அட்டையில என் பேர் மட்டும் போதும்னு நான் சொல்லிட்டேன். அதிலிருந்து அவ என்கிட்ட முகம் கொடுத்துப் பேசல.”

“பெட்டி எங்கே இருந்தது?”

“வகுப்பு அலமாரியில. காலையில திறந்தா இல்லை. பூட்டு உடையல. அலமாரிச் சாவி என்கிட்ட ஒண்ணு, அவகிட்ட ஒண்ணு. அவளோடதை வகுப்பிலேயே பெயிண்ட் டப்பாவுக்குள்ள போட்டு வெச்சிருப்பா. அது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்.” டீச்சர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். “கோபத்துல வார்த்தையை விட்டுட்டேன். சாயங்காலத்துக்குள்ள அது வரலைன்னா உன் துணிமணியை எடுத்துக்கிட்டு வீட்டை விட்டுப் போயிடுன்னு. அவளுக்கு என்னை விட்டா யாரும் இல்லை சார். எனக்கும் அப்படித்தான்.”

அவசரம் அத்தானின் காதருகே குனிந்தான். “தங்கச்சிதான்.”

“மாப்ளே, கடையைப் பூட்டு. போய்ப் பார்த்துட்டு அப்புறம் சொல்லலாம்” என்றார் நிதானம்.

மாடிப்படியின் அடியில், வகுப்புக்கு இடம் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். டீச்சரைப் பார்த்ததும் ஊசியை நீட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

“‘புஷ்’னு கத்துறாங்க, மேசை அந்தப் பக்கம் போகுது. ‘புல்’லுனு கத்துறாங்க, இந்தப் பக்கம் வருது. அங்கேயே கிடந்தா என்ன கேடு? என் வீட்டு மேல்கூரை உதிர்ந்து சோத்துல விழுது. காலி பண்ணச் சொல்லியும் பண்ணல!”

அவசரம் அத்தானின் விலாவில் இடித்தான். அவன் கணக்கில் இப்போது வீட்டுக்காரர் முதலிடம். மாடிக் கதவுக்கு ஒரு சாவி அவரிடமும் இருந்தது என்று தெரிந்ததும் கணக்கு முடிந்தே போயிற்று.

“நேத்து சாயங்காலம் யாரையாவது பார்த்தீங்களா?” என்று கேட்டார் நிதானம்.

“இதே படியிலதான் இருட்டுற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வாசல் கதவைப் பூட்டிட்டுப் படுத்தேன். மேல்மாடித் தையல்காரங்க போறாங்க, வர்றாங்க. முகத்தை யார் பார்த்தா? கையைத்தான் பார்ப்பேன். என் பெஞ்சு, நாற்காலியெல்லாம் மேலே இருக்கே! எவனும் பெட்டி கிட்டி எதுவும் தூக்கிட்டுப் போகல. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.”

வகுப்பறை பளிச்சென்று இருந்தது. சுவரெல்லாம் விளக்கம் எழுதிய பெரிய அட்டைகள். அவசரம் வாய்விட்டுப் படித்தான். “‘லெண்ட்’: திரும்பப் பெறும் எண்ணத்தோடு கொடுப்பது. ‘பாரோ’: திருப்பித் தரும் எண்ணத்தோடு, கேட்டு வாங்குவது.” தன்னிடம் ‘பாரோ’ செய்த சில நண்பர்களின் முகம் அவனுக்கு நினைவு வந்தது.

நிதானம் சுவரைப் பார்க்கவில்லை. நடுவில் இருந்த மேசையைப் பார்த்தார். ஒரு தட்டில் கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. நாற்காலியின் மேல் ஒரு கயிறு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஆணியில் ஒரு குடை, மடித்துப் பட்டி போட்டுத் தொங்கியது. சன்னலோரத் தொட்டியின் மண்ணை அவர் விரலால் தொட்டார். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம்.

“நீங்க காலையில கதவைத் திறந்தப்போ அறை எப்படி இருந்தது?”

“இப்ப இருக்கிற மாதிரியேதான். நேரா அலமாரிக்குப் போனேன். அப்புறம் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. எதையும் தொடல சார். படிக்க வந்தவங்களையும் படியிலேயே திருப்பி அனுப்பிட்டேன்.”

“தினமும் நீங்கதான் திறப்பீங்களா?”

“இல்லை, எங்க உதவி ஆசிரியர். இங்கேயே படிச்சு, இங்கேயே வேலைக்குச் சேர்ந்தவர். கதவுச் சாவி அவர்கிட்டயும் உண்டு. இன்னிக்குப் பதிப்பாளர் வர்றாரேன்னு நான் முந்திக்கிட்டேன்.”

உதவி ஆசிரியர் அப்போதுதான் உள்ளே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பணிவான குரல். திருட்டைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் கண் கலங்கியதைப் பார்த்து அவசரத்துக்கே மனசு இளகிவிட்டது.

“நேத்து வகுப்பு முடிஞ்சதும் எல்லாரோடயும் சேர்ந்து நானும் கிளம்பிட்டேன் சார். மேடமும் சின்ன மேடமும்தான் கடைசியா இருந்தாங்க. நான் யார் மேலயும் பழி போட விரும்பல.”

“போட வேண்டாம். மனசுல பட்டதைச் சொல்லுங்க.”

“சின்ன மேடத்துக்குக் கொஞ்ச நாளா மனசு வேலையில இல்லை. காலைப் பயிற்சியையே பாருங்க, தினமும் புதுசு புதுசா யோசிச்சு வைப்பாங்க. நேத்து சாயங்காலம் வெச்சது என்னன்னா, போன வாரம் வெச்ச அதே குடை, அதே கயிறு, அதே டம்ளர். அவங்களா இப்படின்னு இருந்தது. அவ்வளவுதான் சார் சொல்வேன்.”

“அது என்ன காலைப் பயிற்சி?”

டீச்சர் விளக்கினார். சாயங்காலம் கிளம்பும்போது தங்கை சில வினைகளைப் பாதியில் செய்து வைத்துவிட்டுப் போவாள். காலையில் முதலில் நுழைகிறவர், வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், அவற்றின் எதிர்வினைகளைச் செய்யவேண்டும். வாசலில் நிற்கிற மற்றவர்கள் விளக்கத்தைச் சத்தமாகச் சொல்வார்கள். “முதல்ல நுழையறது எப்பவும் இவர்தான். சாவி இவர்கிட்டதானே!”

நிதானம் தலையாட்டிக்கொண்டார். அலமாரிப் பூட்டை அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கியது அவசரத்துக்கு எரிச்சலாக இருந்தது.

தங்கை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் மேல் ஒரு சூட்கேஸ் திறந்து கிடந்தது. அழுது முடித்த முகம். இனி அழுவதில்லை என்று முடிவு செய்துவிட்ட முகமும்கூட.

“சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கேம்மா, அதுக்குள்ள ஏன் கட்டறீங்க?” என்றான் அவசரம்.

“என்னைச் சந்தேகப்பட்ட வீட்டுல பெட்டி கிடைச்சாலும் ஒண்ணுதான், கிடைக்கலைன்னாலும் ஒண்ணுதான்” என்றாள் அவள். “பேர் போடலைன்னு கோபம் இருந்தது, இல்லைன்னு சொல்லல. அதுக்காக நான் வரைஞ்சதை நானே திருடுவேனா?”

நிதானம் நின்றபடியே கேட்டார். “நேத்து சாயங்காலம், காலைப் பயிற்சிக்குன்னு என்ன வெச்சீங்க?”

அவள் எதிர்பார்த்த கேள்வி அது இல்லை. மடித்த துணியைக் கீழே வைத்தாள். “டம்ளர் நிறையத் தண்ணி. நாற்காலிக் காலில கயிற்றை முடிச்சுப் போட்டேன். குடையை விரிச்சுத் தரையில வெச்சேன். போன வாரம் வெச்சதுதான். புதுசா யோசிக்கிற நிலைமையில நான் இல்லை.”

“எப்ப வெச்சீங்க?”

“எல்லாரும் போனப்புறம்தான். முன்னாடியே வெச்சா பார்த்துடுவாங்களே! அக்காகூடக் கீழே போய் நின்னுட்டாங்க. நான் வெச்சுட்டுக் கதவைப் பூட்டிட்டு வந்தேன். இன்னிக்கு என்னை அந்தப் பக்கமே வர வேண்டாம்னுட்டாங்க.”

“ஒரு உதவி செய்யணும். சாயங்காலம் எங்களோட கொஞ்சம் முன்னாடியே வாங்க. நேத்து வெச்சதை அதே மாதிரி இன்னொரு தடவை வெச்சுக் கொடுங்க.”

தெருவில் இறங்கியதும் அவசரத்தால் அடக்க முடியவில்லை. “அத்தான், இவங்க அழுகை நிஜம். அப்ப வீட்டுக்காரர்தான். இல்லைன்னா டீச்சரே ஒளிச்சு வெச்சுட்டு...”

“இன்னும் ஒருத்தர் பாக்கி இருக்காரே, அவரையும் சேர்த்துக்கோ” என்றார் நிதானம்.

பதிப்பாளர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் வகுப்பின் மூடிய கதவுக்கு வெளியே கூடினார்கள். டீச்சர் தங்கையைப் பார்க்கவில்லை. நிதானம் கேட்டதை உள்ளே வைத்துவிட்டு வந்த தங்கை, கிளம்பத் தயாராகக் கொண்டுவந்திருந்த சூட்கேஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்த வீட்டுக்காரரை, கூரைப் பூச்சைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லி அவசரம் அழைத்து வந்திருந்தான். யாரைப் பார்த்தாலும் திருட்டு முழி முழிப்பது போல அவனுக்குத் தோன்றியது.

“சார், நீங்க தினமும் திறக்கிறவர். கதவைத் திறங்க, பேசலாம்” என்றார் நிதானம், உதவி ஆசிரியரிடம். “ஒரு நல்ல சேதி இருக்கு. பெட்டி இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகல.”

உதவி ஆசிரியரின் முகம் ஒரு கணம் மாறியது. “அப்படியா சார்? எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டுக்கொண்டே சாவியைப் போட்டுத் திறந்து உள்ளே நுழைந்தார்.

“வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டார். ஆனா கையைப் பார்ப்பார்” என்றார் நிதானம், வாசலிலேயே நின்றபடி. “பெட்டியோட யாரும் இறங்கல. அப்ப மேலேதானே போயிருக்கணும்?”

“மேலேயா? மேலே எங்கே சார் இடம் இருக்கு?” உதவி ஆசிரியர் பேசிக்கொண்டே மேசைக்குப் போனார். டம்ளரை எடுத்துச் சன்னலோரத் தொட்டியில் ஊற்றினார், தட்டில் கவிழ்த்தார். “தையல்காரங்க அறையில எப்பவும் ஆள் இருக்குமே.” குனிந்து நாற்காலிக் காலில் இருந்த முடிச்சை அவிழ்த்தார், கயிற்றைச் சுருட்டி நாற்காலியில் வைத்தார். “மொட்டை மாடியிலயும் உடைஞ்ச பெஞ்சுங்கதான் கிடக்கு.” தரையில் விரிந்திருந்த குடையை மடக்கிப் பட்டி போட்டு ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

“இந்த அறையை நாங்க காலையில எப்படிப் பார்த்தோமோ, அச்சு அசல் இப்ப அப்படியே இருக்கு” என்றார் நிதானம். “மாப்ளே, தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்.”

அவசரம் தொட்டுப் பார்த்தான். நனைந்திருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

“இது வழக்கம் சார்! தினமும் செய்யறதுதானே?” என்றார் உதவி ஆசிரியர்.

“வழக்கம்தான். நேத்து சாயங்காலம் டீச்சரோட தங்கச்சி இதெல்லாம் வெச்சுட்டுப் பூட்டினாங்க. காலையில டீச்சர் திறந்தப்போ எல்லாத்துக்கும் எதிர்வினை செஞ்சாச்சு. நடுவுல ஒருத்தர் வந்திருக்கார். பெட்டியைத் திருட வந்தவர், அதுக்கு முன்னாடி காலைப் பயிற்சியை முடிச்சிருக்கார். வீட்டுக்காரர் வந்திருந்தா அந்தத் தண்ணியைக் குடிச்சிருப்பார்.”

“ஆமா, குடிச்சிருப்பேன்” என்றார் வீட்டுக்காரர்.

“தங்கச்சியோட கை வைக்கிற கை. எடுக்கிற பழக்கம் அவங்களுக்குக் கிடையாது. டீச்சர் வகுப்பு நடத்துறவங்க, முதல்ல நுழையறவங்க இல்லை. கதவைத் திறந்ததும் கை தன்னால வேலை செய்யற ஆள் ஒருத்தர்தான்.”

“கைப்பழக்கத்தை வெச்சு ஒருத்தனைத் திருடன்னு சொல்லிடலாமா?” உதவி ஆசிரியரின் குரலில் பணிவு போய்விட்டிருந்தது.

“கூடாது. அதனாலதான் வாய்ப்பழக்கத்தையும் கேட்டு வெச்சேன். காலையில நீங்க என்ன சொன்னீங்க? நேத்து வெச்சது அதே குடை, அதே கயிறு, அதே டம்ளர்னு. வெச்சது எல்லாரும் போனப்புறம். காலையில டீச்சர் வந்தப்போ குடை ஆணியில தொங்குது, டம்ளர் கவிழ்ந்து கிடக்கு. அது பயிற்சிக்கு வெச்சதுன்னு பார்த்தவங்களுக்குத் தெரியாது. டீச்சருக்கே தெரியாது. பின்னே உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“மேடம் சொன்னாங்க.”

“நான் கீழே நின்னுக்கிட்டிருந்தேன்” என்றார் டீச்சர் மெதுவாக. “அவ என்ன வெச்சான்னு இந்த நிமிஷம்தான் எனக்கே தெரியும்.”

உதவி ஆசிரியர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மூடி மறைக்க இனி ஒன்றுமில்லை என்று அவருக்கே தெரிந்துபோயிற்று. சொந்தமாக ஒரு வகுப்பு ஆரம்பிக்கப் போகிறாராம். அதற்கு அந்தக் கார்டுகள் வேண்டுமாம். பெயிண்ட் டப்பாச் சாவியை என்றைக்கோ பார்த்து வைத்திருந்தாராம். படியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்ததால் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் வைத்தாராம்.

“திருடல மேடம். பார்த்து எழுதிக்கிட்டுத் திருப்பி வெச்சிடலாம்னு... பாரோ பண்ணேன், அவ்வளவுதான்.”

“பாரோவுக்கு விளக்கம் சொல்லு” என்றார் டீச்சர்.

“திருப்பித் தரும் எண்ணத்தோடு, கேட்டு...” அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. கதவுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுத் தலைகுனிந்து படியிறங்கிப் போனார். தங்கையைத் தாண்டும்போதுகூட அவர் நிமிரவில்லை.

அவசரம் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, தூசும் தும்புமாக மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். கார்டுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் யாருக்கும் சந்தோஷம் வரவில்லை. தங்கை சூட்கேஸின் கைப்பிடியில் இருந்து கையை எடுக்கவே இல்லை.

“என்னை மன்னிச்சிடுடி” என்றார் டீச்சர்.

“செஞ்சதுக்கு எதிர்வினை செஞ்சுட்டுத்தான் உட்காரணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க? சொன்னதுக்கு என்னக்கா எதிர்வினை? ‘ஸே’க்கு ஜோடி வரையச் சொல்லி நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். அந்தக் கார்டு மட்டும் பெட்டியில தனியாத்தான் கிடக்கு.”

படிக்கட்டில் பதிப்பாளரின் காலடிச் சத்தம் கேட்டது. டீச்சர் தரையில் மண்டியிட்டார். தங்கையின் விரல்களைக் கைப்பிடியில் இருந்து ஒவ்வொன்றாக விலக்கி, சூட்கேஸைத் திறந்து, மடித்து வைத்திருந்த துணிகளை எடுத்து மேசைமேல் அடுக்க ஆரம்பித்தார். கண்ணீர் துணிமேல் விழுந்தது. உள்ளே வந்த பதிப்பாளர் துணிக்குவியலைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“கார்டு பார்க்கலாம்னு சொன்னீங்களே மேடம்?”

“கொஞ்சம் இருங்க சார். இது முடியட்டும்” என்றார் டீச்சர், நிமிராமல். “அட்டையில ரெண்டு பேர் வரணும். அதை எழுதிக்குங்க. அவ பேர் முதல்ல.”

தங்கை வகுப்பில் சொல்வது போலவே சொன்னாள். “‘அன்பேக்’: கட்டி வெச்சதை எடுத்து, இருந்த இடத்திலேயே வைப்பது.” துணிக்குவியலின் மேல் கை வைத்தாள். “இருந்தது இங்கே இல்லைக்கா. வீட்டு அலமாரியில.”

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தார். எடுத்ததையெல்லாம் இருவரும் சேர்ந்து மறுபடி சூட்கேஸில் வைத்தார்கள். அதை வீடுவரை தூக்கி வருகிறேன் என்று அவசரம் முன்னால் வந்தான். நிதானம் அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.